ஏழு கட்சிகள், ஓர் அமைச்சரவை: கேரளத்தில் கூட்டணி ஆட்சி உருவான விதம்

கேரள மாநிலம் பிறந்த பிறகு, பொதுத் தேர்தலில் வென்ற ஒரே கட்சி தனித்து அமைச்சரவை அமைத்தது ஒரே ஒரு முறைதான். 1957 ஏப்ரல் 5 அன்று பதவியேற்ற இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் கம்யூனிஸ்ட் அரசு அது. அதையும் முழுமையான தனிக்கட்சி ஆட்சி என்று சொல்லிவிட முடியாது. 126 இடங்களில் கட்சிக்குக் கிடைத்தவை 60. ஐந்து சுயேச்சைகளின் துணையோடுதான் பெரும்பான்மை எட்டியது. பதினொரு அமைச்சர்களில் வி.ஆர். கிருஷ்ணய்யர், ஜோசப் முண்டசேரி, ஏ.ஆர். மேனன் ஆகிய மூவர் சுயேச்சைகளாக வென்றவர்கள். அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொரு பொதுத் தேர்தலிலும், அமைச்சரவை உருவானபோதெல்லாம், பல கட்சிகள் கைகோத்தே ஆட்சிக்கு வந்திருக்கின்றன. இந்தியாவில் மாநில அளவிலான கூட்டணி ஆட்சியின் வரலாற்றைக் கற்க விரும்புவோருக்குக் கேரளத்தைவிட நல்ல பாடநூல் இல்லை.

இதற்கான காரணங்களைத் தேர்தல் கணக்கில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதி பாதி நிலத்திலும் சமூகத்திலும் இருக்கிறது. திருவிதாங்கூர், கொச்சி என்ற இரண்டு சமஸ்தானங்களும், சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்த மலபாரும் வெவ்வேறு ஆட்சிமுறைகளில் வளர்ந்தவை. மலபாரில் முஸ்லிம்கள் செறிவாக வாழ்கின்றனர். கோட்டயம், பாலா, சங்கனாசேரி வட்டாரங்களில் சிரியன் கிறிஸ்தவர்கள் ரப்பரும் மிளகும் பயிரிடும் நிலவுடைமையாளர்கள். ஈழவர்களுக்கு 1903இல் தொடங்கிய ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமும், நாயர்களுக்கு 1914இல் தொடங்கிய நாயர் சேவைச் சங்கமும் அரசியல் கட்சிகளுக்கு முன்பே அமைப்பு பலம் தந்துவிட்டன. கட்சிகள் வந்தபோது மக்கள் ஏற்கெனவே சங்கம் கண்டிருந்தார்கள். எந்தக் கட்சியும் எல்லாப் பகுதிகளிலும் எல்லாச் சமூகங்களிலும் ஒரே சீராக வேர்விட முடியவில்லை. ஒவ்வொன்றுக்கும் சில தாலுகாக்கள் சொந்தமாயின. பல தாலுகாக்கள் எவருக்கும் சொந்தமாகவில்லை.

கேரளம் உருவாவதற்கு முன்பே இந்தச் சிக்கல் தலைகாட்டிவிட்டது. 1949 ஜூலை 1 அன்று இணைந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் நடந்த 1952 தேர்தலில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஏ.ஜே. ஜான் அமைத்த அரசு, தெற்குத் தாலுகாக்களின் தமிழர்களைப் பிரதிநிதித்துவம் செய்த திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் ஆதரவில் நின்றது. நேசமணி போன்ற தலைவர்கள் நடத்திய அந்தக் கட்சிக்குக் கோரிக்கை ஒன்றே: தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு ஆகிய தமிழ்ப் பகுதிகள் சென்னை மாநிலத்தோடு இணைய வேண்டும். அரசைத் தாங்கிய கட்சியின் முதல் விருப்பம் அந்த மாநிலத்தை விட்டு வெளியேறுவது. அந்த ஆதரவு நீடிக்கும் என்று எதிர்பார்க்க இடமே இல்லை. 1953இல் ஆதரவு விலகியது, அரசு கவிழ்ந்தது.

1954 தேர்தல் இன்னும் விசித்திரமான விளைவைத் தந்தது. 117 இடங்களில் காங்கிரசுக்கு 45, கம்யூனிஸ்ட் கட்சிக்கு 23, பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்கு 19, தமிழ்நாடு காங்கிரசுக்கு 12, புரட்சி சோஷலிஸ்ட் கட்சிக்கு 9. தேர்தலில் பிரஜா சோஷலிஸ்டுகள் இடதுசாரிகளோடு உடன்பாடு வைத்துக் காங்கிரசை எதிர்த்திருந்தனர். முடிவு வந்ததும் காட்சி மாறியது. கம்யூனிஸ்டுகள் பங்கு பெறும் அரசு அமையக் கூடாது என்ற நோக்கில், பிரஜா சோஷலிஸ்டுகள் தனித்து ஆட்சி அமைத்தால் வெளியிலிருந்து ஆதரிப்பதாகக் காங்கிரஸ் முன்வந்தது. 19 உறுப்பினர்களின் தலைவரான பட்டம் தாணு பிள்ளை முதலமைச்சரானார். 45 பேர் கொண்ட கட்சி ஆதரவு வரிசையில் அமர்ந்தது.

அந்த அரசின் காலத்தில்தான் தமிழ்ப் பகுதிகளின் இணைப்புப் போராட்டம் உச்சத்தை எட்டியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் போராட்டக்காரர்கள் உயிரிழந்தனர். குமரி மாவட்டத்தில் அந்த நாள் இன்றும் தியாகிகள் நாளாக நினைக்கப்படுகிறது. துப்பாக்கிச் சூட்டின் அதிர்ச்சி திருவனந்தபுரத்தோடு நிற்கவில்லை. பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் அகில இந்தியப் பொதுச் செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா, மக்கள் மீது சுட்ட அரசு பதவி விலக வேண்டும் என்று தன் கட்சியின் முதலமைச்சரையே கேட்டார். தாணு பிள்ளை விலகவில்லை. அந்தப் பிளவு வளர்ந்து, லோகியா தனிக்கட்சி காணும் வரை சென்றது. சில மாதங்களில், 1955 பிப்ரவரியில், காங்கிரஸ் ஆதரவை விலக்கிக்கொள்ளவே தாணு பிள்ளை அரசு விழுந்தது. அதன் ஆயுள் பதினொரு மாதம். பின்வந்த பனம்பிள்ளி கோவிந்த மேனனின் காங்கிரஸ் அரசும் சொந்தக் கட்சியினர் ஆறு பேர் விலகியதில் 1956 மார்ச்சில் வீழ்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது நான்கு தென் தாலுகாக்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன.

இந்த நான்கு ஆண்டுகளின் அரசுகளுக்கு ஒரு பொதுக் குறை உண்டு. ஆட்சிக்கான உடன்பாடு தேர்தலுக்குப் பின்னர், எண்ணிக்கை தெரிந்த பிறகு செய்யப்பட்டது. வாக்காளர் அதைப் பார்த்து வாக்களிக்கவில்லை. 1954இல் ஆதரித்த கட்சிக்கு அமைச்சரவையில் பொறுப்பும் இல்லை. அரசு நல்லது செய்தால் பெயர் அதற்கு வராது, கெட்டது செய்தால் பழி மட்டும் ஒட்டும். அத்தகைய ஆதரவு எத்தனை நாள் தாங்கும்?

1957 அரசை எதிர்த்து எழுந்த விமோசனப் போராட்டம் கேரளத்தின் அடுத்த கூட்டணியை வீதியிலேயே உருவாக்கிவிட்டது. கல்விச் சட்டமும் நிலச் சீர்திருத்த மசோதாவும் தங்களைப் பாதிப்பதாகக் கருதிய கத்தோலிக்கத் திருச்சபையும் நாயர் சேவைச் சங்கமும், காங்கிரசும் பிரஜா சோஷலிஸ்டுகளும் முஸ்லிம் லீக்கும் ஒரே மேடைக்கு வந்தன. 1959 ஜூலை 31 அன்று மத்திய அரசு நம்பூதிரிபாட் அமைச்சரவையைக் கலைத்தது. 1960 தேர்தலில் மூன்று கட்சிகளும் தொகுதி பிரித்துப் போட்டியிட்டு, காங்கிரஸ் 63, பிரஜா சோஷலிஸ்ட் 20, லீக் 11 என 94 இடங்களைப் பிடித்தன. கம்யூனிஸ்ட் கட்சிக்கு 29 இடங்களே கிடைத்தன.

வெற்றிக்குப் பிறகு நடந்தது கூட்டணி நேர்மைக்கு ஒவ்வாதது. தாணு பிள்ளை மறுபடியும் முதலமைச்சரானார், காங்கிரசின் ஆர். சங்கர் துணை முதலமைச்சரானார். முஸ்லிம் லீக்குக்கு ஓர் அமைச்சர் பதவிகூட இல்லை. லீக்கோடு ஆட்சியைப் பகிர்வது வடநாட்டில் தங்களுக்குப் பழியாகும் என்று காங்கிரசின் தேசியத் தலைமை அஞ்சியது. ஈடாகக் கிடைத்தது சபாநாயகர் பதவி. அதில் கே.எம். சீதி சாகிப் அமர்ந்தார். 1961இல் அவர் மறைந்தபோது சி.எச். முகமது கோயாவை அந்த இடத்துக்குக் கொண்டுவர, அவர் முதலில் லீக் உறுப்பினர் பதவியை விட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. தேர்தல் மேடையில் தோளோடு தோள் நின்ற கட்சியை அரியணை அருகே வரும்போது மட்டும் தள்ளி நிறுத்துவது அநீதி. லீக் அதே ஆண்டில் கூட்டணியை முறித்துக்கொண்டது. 1962இல் தாணு பிள்ளை பஞ்சாப் ஆளுநராக அனுப்பப்பட்டார், பிரஜா சோஷலிஸ்டுகள் அரசிலிருந்து விலகினர். தனித்து நின்ற சங்கரின் காங்கிரஸ் அரசு, சொந்தக் கட்சியின் 15 அதிருப்தியாளர்கள் எதிர்த்து வாக்களித்ததில் 1964 செப்டம்பரில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் தோற்றது. அந்தப் பதினைந்து பேரைச் சுற்றி, கே.எம். ஜார்ஜ் தலைமையில், அதே ஆண்டு அக்டோபரில் கோட்டயத்தில் கேரள காங்கிரஸ் பிறந்தது. மத்திய திருவிதாங்கூரின் கிறிஸ்தவ விவசாயிகளுக்கு அது தனிக் குரலானது. பின்னாளில் கேரளக் கூட்டணிகள் பெரும்பாலானவற்றில் அந்தக் கட்சியின் ஏதாவது ஒரு கிளை இடம்பெறும் அளவுக்கு அது பிளந்து பிளந்து பரவியது.

1964இல் கம்யூனிஸ்ட் கட்சியும் இரண்டாகப் பிளந்தது. 1965 மார்ச் தேர்தலில் பெரும்பாலும் தனித்தனியாக நின்ற கட்சிகளுக்கு மக்கள் தனித்தனியாகவே இடம் கொடுத்தார்கள். 133 இடங்களில் மார்க்சிஸ்ட் கட்சிக்கு 40, காங்கிரசுக்கு 36, கேரள காங்கிரசுக்கு இருபதுக்குச் சற்று மேல், சம்யுக்த சோஷலிஸ்ட் கட்சிக்கு 13, லீக்குக்கு 6, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 3. வென்ற மார்க்சிஸ்டுகளில் பலர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சிறையில் இருந்தார்கள். நிலையான அரசு அமைய வழியில்லை என்று ஆளுநர் வி.வி. கிரி அறிக்கை தர, சட்டமன்றம் ஒரு நாள்கூடக் கூடாமல் அதே மாதத்தில் கலைக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் உறுதிமொழிகூட எடுக்கவில்லை. கே.கே. அபு தொடுத்த வழக்கில் கேரள உயர்நீதிமன்றம் அந்தக் கலைப்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இந்த இடத்தில் சட்ட நிலையைச் சற்றே விளக்குவது தேவை. அரசியலமைப்பின் 164ஆம் பிரிவு, முதலமைச்சரை ஆளுநர் நியமிப்பார், அமைச்சரவை சட்டமன்றத்துக்குக் கூட்டுப் பொறுப்புடையது என்று சொல்கிறது. கூட்டணி என்ற சொல் அங்கே இல்லை. யாரை முதலில் அழைப்பது என்ற வரிசையும் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பும் வகையில், 1988இல் அறிக்கை தந்த சர்க்காரியா ஆணையம் ஒரு வரிசையைப் பரிந்துரைத்தது. தேர்தலுக்கு முன் அமைந்த கூட்டணிக்கு முதலிடம். அடுத்து, பிறர் ஆதரவோடு உரிமை கோரும் தனிப்பெருங்கட்சி. அதன்பின், எல்லாக் கட்சிகளும் அமைச்சரவையில் சேரும் தேர்தலுக்குப் பிந்தைய கூட்டணி. சிலர் உள்ளேயும் சிலர் வெளியேயும் இருக்கும் ஏற்பாட்டுக்குக் கடைசி இடம். கேரளம் அனுபவித்து அறிந்ததையே ஆணையம் விதியாக எழுதியது போல இருக்கிறது. பெரும்பான்மையை ஆளுநர் மாளிகையில் எண்ணக் கூடாது, சட்டமன்றத்தில்தான் எண்ண வேண்டும் என்று எஸ்.ஆர். பொம்மை வழக்கில் 1994இல் உச்சநீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 2005இல் பீகார் சட்டமன்றம் கேரளத்தைப் போலவே கூடாமல் கலைக்கப்பட்டபோது, அந்தச் செயல் அரசியலமைப்புக்கு முரணானது என்று அதே நீதிமன்றம் அடுத்த ஆண்டு தீர்ப்பளித்தது. 1965இல் வென்று, அவைக்குள் காலெடுத்து வைக்காமலே உறுப்பினர் தகுதி இழந்தவர்களுக்கு அந்த நீதி நாற்பது ஆண்டு தாமதமாக வந்தது.

சங்கர் அரசு விழுந்ததிலிருந்து இரண்டரை ஆண்டு கேரளத்தைக் குடியரசுத் தலைவர் பெயரால் டெல்லி ஆண்டது. அரிசித் தட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம் அது. அந்த வெறுமையிலிருந்துதான் கேரள அரசியலில் ஸப்தகட்சி முன்னணி என்று அழைக்கப்படும் ஏழு கட்சி முன்னணி உருவானது. மார்க்சிஸ்ட், இந்தியக் கம்யூனிஸ்ட், சம்யுக்த சோஷலிஸ்ட், முஸ்லிம் லீக், புரட்சி சோஷலிஸ்ட், கர்ஷகத் தொழிலாளி கட்சி, கேரள சோஷலிஸ்ட் கட்சி ஆகியவை தேர்தலுக்கு முன்பே கூடின. தொகுதிகளைப் பங்கிட்டன, பொதுத் திட்டம் ஒன்றை ஒப்புக்கொண்டன. மூன்றாண்டுகளுக்கு முன் ஒருவரையொருவர் துரோகி என்று ஏசிப் பிரிந்த இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும், கம்யூனிசத்தை எதிர்த்தே பெயர் பெற்ற பாதிரியார் ஜோசப் வடக்கனின் கட்சியும் ஒரே முன்னணியில் அமர்ந்தன என்பதே அன்றைய வியப்பு.

1967 தேர்தல், தொகுதிப் பங்கீட்டின் வலிமையை எவரும் மறக்க முடியாதபடி காட்டியது. காங்கிரஸ் தனித்து நின்று 35 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வாக்குகள் பெற்றது, கிடைத்தவை 9 இடங்கள். மார்க்சிஸ்ட் கட்சி 24 விழுக்காட்டுக்கும் குறைவான வாக்குகளோடு 52 இடங்களை வென்றது. அதிக வாக்கு பெற்றவரே வெல்லும் முறையில், சிதறிக் கிடக்கும் பெரிய ஆதரவைவிடச் சேர்த்துக் கட்டிய சிறிய ஆதரவுகள் வலியவை. இந்தியக் கம்யூனிஸ்டுகளுக்கும் சம்யுக்த சோஷலிஸ்டுகளுக்கும் தலா 19, லீக்குக்கு 14, புரட்சி சோஷலிஸ்டுகளுக்கு 6, கர்ஷகத் தொழிலாளிகளுக்கு 2, கேரள சோஷலிஸ்டுகளுக்கு 1. ஆதரவுச் சுயேச்சைகளையும் சேர்த்து முன்னணியின் பலம் 117.

மார்ச் 6 அன்று பதவியேற்ற நம்பூதிரிபாட் அமைச்சரவையில் பதின்மூன்று பேர். அவையில் முன்னணியின் பாதிக்குச் சற்றுக் குறைவான பலம் கொண்ட மார்க்சிஸ்ட் கட்சி நான்கு இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டது: முதலமைச்சர், வருவாய்த் துறைக்குக் கே.ஆர். கௌரி, போக்குவரத்துக்கு இம்பிச்சி பாவா, வனத்துறைக்கு எம்.கே. கிருஷ்ணன். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு எம்.என். கோவிந்தன் நாயரும் டி.வி. தாமசும். சோஷலிஸ்டுகளுக்கு நிதித்துறையில் பி.கே. குஞ்ஞுவும் நீர்ப்பாசனத்தில் பி.ஆர். குறுப்பும். லீக்குக்குக் கல்வியில் சி.எச். முகமது கோயாவும் பஞ்சாயத்துத் துறையில் அகமது குரிக்களும். புரட்சி சோஷலிஸ்டுகளின் டி.கே. திவாகரன் பொதுப்பணி, கர்ஷகத் தொழிலாளி கட்சியின் பி. வெல்லிங்டன் சுகாதாரம், அவையில் ஒற்றை உறுப்பினரான கேரள சோஷலிஸ்ட் மத்தாய் மாஞ்சூரான் தொழிலாளர் நலம். சிறிய கட்சிக்கு அதன் பலத்தைவிடப் பெரிய பங்கு தருவது கூட்டணியின் எழுதாத விதி என்றால், அந்த விதி கேரளத்தில் நிலைபெற்ற நாள் அதுவே. ஏழாண்டுகளுக்கு முன் சபாநாயகர் நாற்காலிக்கு அப்பால் அனுமதிக்கப்படாத லீக் இப்போது கல்வித் துறையைக் கையில் வைத்திருந்தது. அந்தத் துறை பின்னர் காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணி ஆட்சிகளில் பெரும்பாலும் லீக்கிடமே இருந்துவந்ததற்குத் தொடக்கம் இங்கேதான். மலபாரின் கல்விப் பின்தங்கலே லீக்கின் மையக் கவலை. 1968இல் கோழிக்கோடு பல்கலைக்கழகமும், 1969 ஜூன் 16 அன்று மலப்புறம் மாவட்டமும் உருவானதில் அந்தக் கட்சியின் அழுத்தம் தெளிவாகத் தெரிகிறது.

ஏழு கட்சிகளின் அரசை நடத்த, அமைச்சரவைக்கு வெளியே ஓர் ஒருங்கிணைப்புக் குழு இருந்தது. கட்சித் தலைவர்கள் அங்கே கூடி முடிவெடுத்து, அமைச்சரவை அதை நிறைவேற்றும் என்பது ஏற்பாடு. காகிதத்தில் நன்றாக இருந்த இந்த ஏற்பாடு, நடைமுறையில் இரண்டு கோணங்களில் சிக்கியது. முதலாவது, அரசு எதற்காக இருக்கிறது என்பதிலேயே ஒற்றுமை இல்லை. ஆட்சியையும் போராட்டத்தையும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும், மாநில அரசு மத்திய அரசுக்கு எதிரான போராட்டக் கருவி என்பது மார்க்சிஸ்ட் கட்சியின் பார்வை. அமைச்சர் நாற்காலியில் அமர்ந்தவன் நிர்வாகம் செய்யட்டும் என்பது பிறருடைய பார்வை. இரண்டாவது, ஊழல் குற்றச்சாட்டுகள் எழுந்தபோது எந்தக் கட்சி அமைச்சரை விசாரிப்பது, எவரை விடுவது என்பதை முதலமைச்சர் முடிவு செய்தார். கூட்டாளிகள் அதைப் பெரிய கட்சியின் பழிவாங்கலாகக் கண்டனர். 1969 அக்டோபரில் இந்தியக் கம்யூனிஸ்டுகள், லீக், புரட்சி சோஷலிஸ்டுகள் ஆகியோரின் அமைச்சர்கள் வெளியேறினர். மார்க்சிஸ்ட் தரப்பு அமைச்சர்கள் மீதும் விசாரணை வேண்டும் என்ற தீர்மானம் அவையில் நிறைவேறிய அக்டோபர் 24 அன்று நம்பூதிரிபாட் பதவி விலகினார். 117 பேரின் பலம் முப்பத்திரண்டு மாதங்களில் கரைந்தது.

அடுத்து வந்தவர் சி. அச்சுத மேனன். அப்போது மாநிலங்களவை உறுப்பினராக டெல்லியில் இருந்தவர், 1969 நவம்பர் 1 அன்று முதலமைச்சராகப் பதவியேற்றார். முன்னணியிலிருந்து பிரிந்த கட்சிகளும் கேரள காங்கிரசும் சேர்ந்த இந்தச் சிறு முன்னணியைக் கே. கருணாகரன் தலைமையிலான காங்கிரஸ் வெளியிலிருந்து தாங்கியது. முந்தைய அரசு நிறைவேற்றிய நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டத்தை 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது இந்த அரசுதான். ஜென்மி என்னும் நிலக்கிழார் முறைக்கு அந்த நாளோடு முடிவு வந்தது. ஒரு கூட்டணி எழுதிய சட்டத்தை, அதைக் கவிழ்த்த கூட்டணி அமல்படுத்தியது. கவிழ்ப்பிலும் கசப்பிலும் தொடர்ச்சி அறுபடாத இந்தக் காரியத்தை, கேரள வரலாற்றின் மிக உயர்ந்த தருணங்களில் ஒன்றாகவே கொள்ள வேண்டும்.

அச்சுத மேனன் எதிர்பார்ப்புக்கு மாறாக 1970இல் சட்டமன்றத்தைக் கலைத்து மக்களிடம் சென்றார். இந்தியக் கம்யூனிஸ்டுகள், லீக், புரட்சி சோஷலிஸ்டுகள், பிரஜா சோஷலிஸ்டுகள் ஒன்றாக நிற்க, காங்கிரசோடு தொகுதி உடன்பாடு ஏற்பட்டது. கூட்டணி வென்றது. முதலமைச்சரின் கட்சிக்கு அவையில் கிடைத்தவை 16 இடங்கள், காங்கிரசுக்கு அதைப்போல ஏறக்குறைய இருமடங்கு. தாணு பிள்ளையின் 1954 நிலைதான் இது என்று முதலில் தோன்றும். ஆனால் தாணு பிள்ளை பதினொரு மாதத்தில் விழுந்தார், அச்சுத மேனனின் இரண்டாம் அமைச்சரவை 1970 அக்டோபர் 4 முதல் 1977 மார்ச் வரை ஆறரை ஆண்டு நின்றது. நெருக்கடி நிலையில் சட்டமன்ற ஆயுள் நீட்டிக்கப்பட்டதைக் கழித்தாலும், கேரளத்தில் முழுப் பதவிக்காலம் நிறைவு செய்த முதல் அரசு அதுவே.

வேறுபாடு இரண்டு இடங்களில் இருந்தது. உடன்பாடு தேர்தலுக்கு முன்பே வாக்காளர் முன் வைக்கப்பட்டது. அதோடு, 1971 செப்டம்பரில் காங்கிரஸ் வெளி ஆதரவை விட்டு அமைச்சரவைக்குள் வந்தது. கருணாகரன் உள்துறையை ஏற்றார். பெரிய கட்சி பொறுப்புக்கு உட்பட்டது, அதன் தலைவர்களுக்கு அரசின் வெற்றியில் பங்கு கிடைத்தது. 1975 இறுதியில் கேரள காங்கிரசும் சேர்ந்து, கே.எம். மாணி நிதியமைச்சரானார். அச்சுத மேனனின் அமைதியும் கறைபடாத வாழ்வும் பெரிய கட்சிக்கும் அவரை ஏற்கத்தக்கவராக்கின. தலைமைக்கு வருபவர் பெரிய கட்சியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை, எல்லாரும் நம்பத்தக்கவராக இருந்தால் போதும் என்பதற்கு அவரே சான்று. ஆனால் நெருக்கடி நிலையில் காவல்துறை முகாம்களில் நடந்த கொடுமைகளும் இதே ஆட்சியின் காலத்தவை. அத்தகைய முகாமொன்றில் உயிரிழந்த மாணவர் ராஜனின் வழக்கால் கருணாகரன் 1977இல் முதலமைச்சரான ஒரே மாதத்தில் பதவி இழந்தது அதன் தொடர்ச்சி. உள்துறை ஒரு கட்சியிடமும் முதலமைச்சர் பதவி இன்னொரு கட்சியிடமும் இருக்கும்போது பொறுப்பு எங்கே போய் நிற்கிறது என்ற கேள்வி அங்கே எழுந்தது. அதற்கு நிறைவான பதில் இன்றும் இல்லை.

1977இல் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம் நான்கு முதலமைச்சர்களைக் கண்டது. கருணாகரனுக்குப் பின் ஏ.கே. ஆன்டனி. சிக்மகளூர் இடைத்தேர்தலில் இந்திரா காந்தியை ஆதரிக்கும் தன் கட்சியின் முடிவை ஏற்காமல் 1978 அக்டோபரில் அவர் விலகினார். அடுத்து இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பி.கே. வாசுதேவன் நாயர். இடதுசாரி ஒற்றுமைக்கு வழிவிட்டு 1979 அக்டோபரில் அவரும் விலகினார். கடைசியாக முகமது கோயா, ஏறத்தாழ ஐம்பது நாள். ஒரு காலத்தில் சபாநாயகராவதற்கே கட்சியை விட வேண்டியிருந்தவர், லீக் தலைவராகவே முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்தார்.

1980 தேர்தலை ஒட்டி இடது ஜனநாயக முன்னணி, ஐக்கிய ஜனநாயக முன்னணி என்ற இரண்டு வீடுகளும் கட்டி முடிக்கப்பட்டன. குடியிருப்பவர் மட்டும் சில காலம் மாறிக்கொண்டிருந்தனர். அந்தத் தேர்தலில் ஆன்டனியின் காங்கிரஸ் பிரிவும் மாணியின் கேரள காங்கிரசும் இடது பக்கம் நின்று இ.கே. நாயனாரை முதலமைச்சராக்கின. 1981 அக்டோபரில் இரண்டும் விலக, அரசு விழுந்தது. அந்த ஆண்டு இறுதியில் பதவியேற்ற கருணாகரன் அரசுக்கும் எதிர்த்தரப்புக்கும் அவையில் சம பலம். சபாநாயகர் ஏ.சி. ஜோஸ் தன் தீர்மான வாக்கை மீண்டும் மீண்டும் அளித்துத்தான் அரசு நகர்ந்தது. லோனப்பன் நம்பாடன் என்ற ஓர் உறுப்பினர் ஆதரவை விலக்கியதும் 1982 மார்ச்சில் அதுவும் முடிந்தது.

1982 மே மாதம் அமைந்த கருணாகரன் அரசிலிருந்து கேரளம் வேறொரு காலத்துக்குள் நுழைந்தது. அதற்குப் பிறகு எந்தக் கேரள அரசும் கூட்டாளி விலகியதால் கவிழவில்லை. 1982 முதல் 2016 வரை இரண்டு முன்னணிகளும் தேர்தலுக்குத் தேர்தல் மாறி மாறி வென்றன. 1995இல் கருணாகரனிடமிருந்து ஆன்டனிக்கும், 2004இல் ஆன்டனியிடமிருந்து உம்மன் சாண்டிக்கும் முதலமைச்சர் பதவி கைமாறியதும் ஒரே முன்னணிக்குள்தான். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் தனி உறுப்பினர்களின் தாவலைக் கட்டுப்படுத்தியது உண்மை. எனினும் பெரிய காரணம் வேறு. கூட்டணி உருவாகும் இடமே இடம்பெயர்ந்துவிட்டது. தேர்தல் முடிவுக்குப் பின் ஆளுநர் மாளிகையின் வாசலில் நடந்த பேரம், தேர்தலுக்குப் பல மாதங்கள் முன்பே தொகுதிப் பங்கீட்டு மேசைக்குப் போய்விட்டது.

அந்த மேசையில் நடப்பது நிதானமான, சலிப்பூட்டும் வேலை. முன்னணியின் பெரிய கட்சி ஒவ்வொரு சிறிய கட்சியோடும் தனித்தனியே பேசுகிறது. முந்தைய தேர்தலில் வென்ற தொகுதி அந்தக் கட்சிக்கே என்பது பொது வழக்கம். தோற்ற தொகுதிகளை மாற்றிக்கொள்வதில்தான் சச்சரவு. தொகுதி கொடுக்க முடியாதபோது மாநிலங்களவை இடம், வாரியத் தலைமை, உள்ளாட்சித் தலைவர் பதவியில் பாதிக் காலம் என்று ஈடு தேடப்படுகிறது. 2018இல் காங்கிரஸ் தனக்குரிய மாநிலங்களவை இடத்தைக் கேரள காங்கிரசின் ஜோஸ் கே. மாணிக்கு விட்டுக்கொடுத்தபோது காங்கிரசுக்குள் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. இரண்டே ஆண்டில் ஜோஸ் பிரிவு இடது முன்னணிக்குச் சென்றது. யாரோடு சேர்வது என்ற கேள்வி கட்சிகளையே உடைத்ததும் உண்டு. லீக்கோடு உறவு வேண்டும் என்று வாதிட்ட எம்.வி. ராகவனை மார்க்சிஸ்ட் கட்சி 1980களின் நடுவில் வெளியேற்றியது. லீக்கும் கேரள காங்கிரஸ் பிரிவுகளும் இல்லாமலே 1987இல் இடது முன்னணி வென்று காட்டியது.

அமைச்சரவையின் அளவு பற்றிய கட்டுப்பாடு 2003இல் 91ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தால் வந்தது. அமைச்சர்கள் சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 140 உறுப்பினர் கொண்ட கேரளத்துக்கு அது முதலமைச்சரையும் சேர்த்துச் சரியாக 21. அதுவரை ஒரு நாற்காலியைக் கூட்டிப் போட்டுத் தீர்த்த சிக்கல்கள் அதன்பின் ஒருவரிடமிருந்து எடுத்து மற்றவருக்குக் கொடுத்தே தீர்க்க வேண்டியவை ஆயின. 2011இல் ஐக்கிய முன்னணி 72க்கு 68 என்ற மெலிந்த பெரும்பான்மையில் வென்றது. இரு முன்னணிகளின் வாக்கு வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. 20 உறுப்பினர் கொண்ட லீக் ஐந்தாவது அமைச்சரைக் கேட்டது. ஏறக்குறைய ஓராண்டு இழுபறிக்குப் பின் 2012 ஏப்ரலில் மஞ்ஞளாம்குழி அலி பதவியேற்றார். சமூகச் சமநிலை குலைந்துவிட்டதாக நாயர் சேவைச் சங்கம் கண்டித்தது. அதே நாளில் முதலமைச்சர் உம்மன் சாண்டி தன்னிடமிருந்த உள்துறையைத் திருவஞ்சூர் ராதாகிருஷ்ணனிடம் ஒப்படைத்தார். கேரளத்தில் அமைச்சர் பட்டியல் கட்சிக் கணக்கும் சமூகக் கணக்கும் ஒருசேர எழுதிய பட்டியல். அதைக் குறையாகவே காண்பது எளிது. ஆனால் எண்ணிக்கையில் சிறிய சமூகமும் ஆட்சியில் தன் முகத்தைக் காண முடிந்ததால்தான், இத்தனை அமைப்புகள் நிறைந்த மண்ணில் அரசியல் பெரும்பாலும் வாக்குப்பெட்டிக்குள் நின்றது.

2021இல் இடது முன்னணி 99 இடங்களோடு திரும்பி வந்தது. மாறி மாறி ஆளும் நாற்பதாண்டு வழக்கம் அங்கே முறிந்தது. பினராயி விஜயனின் இரண்டாம் அமைச்சரவையில் 21 இடங்களின் பங்கீடு இவ்வாறு: மார்க்சிஸ்ட் கட்சி 12, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 4, கேரள காங்கிரஸ் மாணி பிரிவு 1, மதச்சார்பற்ற ஜனதா தளம் 1, தேசியவாத காங்கிரஸ் 1. சபாநாயகர் பதவி மார்க்சிஸ்டுகளுக்கு, துணைச் சபாநாயகர் இந்தியக் கம்யூனிஸ்டுகளுக்கு. அவர்கள் முன்பு வைத்திருந்த தலைமைக் கொறடா பதவி புதிதாக வந்த மாணி பிரிவுக்குச் சென்றது. வருவாயும் வேளாண்மையும் உணவும் வழக்கம்போல் இந்தியக் கம்யூனிஸ்டுகளிடம். வனத்துறை மட்டும் தேசியவாத காங்கிரசுக்கு மாறியது. எஞ்சியவை இரண்டு நாற்காலிகள். அவற்றை எதிர்நோக்கி நின்றவை தலா ஓர் உறுப்பினர் கொண்ட நான்கு கட்சிகள். லோக் தாந்திரிக் ஜனதா தளத்தின் ஒரே உறுப்பினருக்கு இடமே கிடைக்கவில்லை.

தீர்வு காலத்தைப் பிரிப்பதாக அமைந்தது. முதல் இரண்டரை ஆண்டு ஜனநாயக கேரள காங்கிரசின் ஆன்டனி ராஜுவுக்குப் போக்குவரத்தும், இந்திய தேசிய லீக்கின் அகமது தேவர்கோவிலுக்குத் துறைமுகமும். அடுத்த பாதிக்கு கேரள காங்கிரஸ் பாலகிருஷ்ண பிள்ளை பிரிவின் கே.பி. கணேஷ் குமாரும், காங்கிரஸ் எஸ் கட்சியின் கடன்னப்பள்ளி ராமச்சந்திரனும். 2021 மே மாதம் முன்னணிக்குள் செய்த இந்த ஏற்பாட்டை மீறினால் கேட்க நீதிமன்றம் இல்லை, கட்டாயப்படுத்தச் சட்டமும் இல்லை. 2023 டிசம்பர் இறுதியில் ராஜுவும் தேவர்கோவிலும் பதவி விலகினர். டிசம்பர் 29 அன்று கணேஷ் குமாரும் ராமச்சந்திரனும் பதவியேற்றனர். போக்குவரத்து கணேஷ் குமாருக்கும், பதிவும் தொல்லியலும் ராமச்சந்திரனுக்கும் ஒதுக்கப்பட்டன. துறைமுகம் மார்க்சிஸ்ட் அமைச்சர் வி.என். வாசவனிடம் சென்றது.